திருப்பூர் ஒண்ணு

போட்டுருங்க சார். வெப்சைட்டும் போட்டுருங்க.

தப்பா நினைக்காதீங்க, நான் ஒட்டுக் கேக்கலை. கோவில்பட்டியில நான் ஏறுனதுலருந்து நீங்க போன்ல பேசிக்கிட்டு வாறீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதையா பொத்திக்கிட முடியும்? 'பேஸ்புக் இருக்கு, இன்ஸ்டாகிராம் இருக்கு, வாட்ஸப்புல ஆர்டர் வருது, பிறகு வெப்சைட் எதுக்குத் தண்டமா'னு அந்தப் பக்கம் யார்ட்டயோ கேட்டீங்கல்ல, அந்த எடத்துலதான் எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். எங்கிட்ட வெப்சைட்டைப் பத்திப் பேசுன பிள்ளைட்ட, 'ஏம்மா, இருக்குற பேஸ்புக்கையே ஒருத்தனும் பாக்க மாட்டேங்கான், இதை எவன் வந்து பாக்கப் போறான்'னு கேட்டேன். இப்ப சொல்லுதேன், ரெண்டும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா வெப்சைட்டை வச்சுக்கிடுங்க.

உங்களுக்கு என்ன தொழில்? பிள்ளைங்க பனியனா. திருப்பூர்ல சொந்தமா தைச்சு விக்கீங்களா. நல்ல தொழில் சார். பச்சப்பிள்ளைக்கு ஒரு பனியனை மாட்டி போட்டோ போட்டீங்கன்னா ஊர்ல உள்ள பொம்பளைங்க பூராவும் லைக் போடுவாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுதேன். ஐஸ் பெட்டி. ஆமா, நீங்க நினைக்கிற அதே பெட்டிதான், துட்டி வீட்டுக்கு, அதான் எழவு வீட்டுக்கு, கொண்டுபோய் வைக்கிறது. இந்தா, கொஞ்சம் நகந்து உக்காந்தீங்க பாருங்க. பரவாயில்ல, எல்லாரும் செய்யுறதுதான், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நல்லா சன்னல் பக்கமா சாஞ்சு உக்காருங்க. நான் மதுரையில இறங்கிருவேன். ஒரு பெட்டிக்கு கம்ப்ரசர் போச்சு, அது வாங்கத்தான் போறேன்.

எம் பேரு ஆவுடையப்பன். கடைக்குப் பேரு பூங்கோதை வாடகை நிலையம். பூங்கோதை எம் மக. ஒரே மக. முதல்ல சேர், டேபிள், சமையல் பாத்திரம், பந்தல்னுதான் வச்சிருந்தேன். கல்யாண வீட்டுல எங்க பாத்தாலும் எம் மக பேருதான், சேர் முதுகுல எல்லாம் பெயிண்ட்ல எழுதியிருக்கும். பிறகு பெரிய மண்டபங்க வந்துச்சு, சேரும் பாத்திரமும் அவங்களே வச்சுக்கிட்டாங்க. அப்பதான் பெட்டி வாங்குனேன். முதல்ல ஒண்ணு, பிறகு மூணு. கடைப் பேரை மாத்த முடியுமா? அதே பேரை ஸ்டிக்கர் அடிச்சுப் பெட்டியில ஒட்டுனேன். ரெண்டு பக்கமும் பெரிய எழுத்துல 'பூங்கோதை', கீழ என் நம்பரு. ஊர்ல பிள்ளைங்க பேர்லதான சார் கடை வைக்காங்க. வேற யார் பேர்ல வைக்க?

அவ அப்ப பதினொண்ணாப்பு படிச்சா. பள்ளிக்கூடத்துல 'ஐஸ் பெட்டி கோதை'னு கூப்பிடுதாங்கனு வந்து அழுவா. கூப்பிட்டா கூப்பிடட்டும், பேரைச் சொல்லித்தான கூப்பிடுதாங்கனு சொல்லுவேன். அவ அம்மா மாடத்தி எங்களுக்குள்ள புகுந்து ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துவா. எங்க வீட்டுல அவதான் நடுவுல நிக்கிற ஆளு. இப்ப இல்லை. நாலு வருசமாச்சு.

தொழிலைச் சொல்லிக்கிட்டிருந்தேன். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் நம்மளைத் தெரியும் பாத்துக்கிடுங்க, ஆனா ஒருத்தரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட மாட்டாங்க. டீக்கடைக்குப் போனா பெஞ்சுல எடம் தன்னால வரும். எந்த வீட்டுலயும் என் நம்பரைப் போன்ல பதிஞ்சு வைக்க மாட்டாங்க, வச்சா வீட்டுக்கு ஆகாதாம். பழகுன மனுசனாச்சேனு ஒரு நாள் சண்முகக்கனினு ஒருத்தருக்குப் போன் போட்டேன். அவரு அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லனு கேள்விப்பட்டேன், சும்மா சௌக்கியமானு கேக்கத்தான். எடுத்ததும் 'இன்னும் இருக்காரு'ன்னுட்டு வச்சுட்டாரு. நான் கேக்க வந்ததே வேற. அதுலருந்து நான் யாருக்கும் சும்மா போன் போடுறதில்ல.

அப்படி இருக்கும்போது பேஸ்புக்குல பக்கம் ஆரம்பிச்சேன். சிரிக்காதீங்க. எல்லாத் தொழிலுக்கும் பக்கம் இருக்கு, பெட்டிக்கு இருக்கக் கூடாதா? பெட்டியைச் சுத்தமாத் தொடச்சு நாலு கோணத்துல போட்டோ எடுத்துப் போட்டேன். ஒரு மாசம் பாத்தேன், ஒரு லைக் இல்லை. சரி, மத்தவங்க எப்படிச் செய்யுதாங்கனு பாத்து அதே மாதிரி செய்வோம்னு, 'பக்கத்தை லைக் செய்யும் முதல் ஐம்பது பேருக்கு வாடகையில் பத்து சதவீதம் தள்ளுபடி'னு போட்டேன். சார், நீங்க இப்பச் சிரிக்கீங்க, அன்னைக்கு ஊரே சிரிச்சுது. பொங்கலுக்கு, 'இந்தப் பொங்கல் உங்கள் இல்லத்தில் எங்களோடு'னு ஒண்ணு போட்டேன். அதுக்கு வந்த வசவை இந்த பஸ்ஸுக்குள்ள சொல்ல முடியாது. கடைசியில இருபத்து மூணு பேரு சேந்தாங்க. அதுல பத்துப் பேரு ஆம்புலன்ஸ் டிரைவருங்க, நாலு பேரு பூக்கடை, ஒருத்தன் பக்கத்து ஊர்ல பெட்டி வச்சிருக்கிறவன், நான் என்ன போடுதேன்னு வேவு பாக்க வந்திருக்கான். ஒண்ணு நானே.

எம் மக அதுல இல்லை. பேரு பேரா ரெண்டு தடவை பாத்துட்டேன், இல்லை.

அவளைத் திருப்பூர்ல குடுத்திருக்கு. மாப்பிள்ளை பிரிண்டிங் யூனிட்டுல மேனேஜர், தங்கமான ஆளு. பொண்ணு பாக்க வந்தப்ப வாடகை நிலையம்னுதான் சொன்னோம், என்ன வாடகைனு அவங்களும் கேக்கலை, நாங்களும் சொல்லலை. மாடத்தி அப்படிச் செய்யச் சொன்னா. பிறகு தெரிஞ்சுபோச்சு, தெரியாம இருக்குமா? அவங்க ஒண்ணும் சொல்லலை. மக மட்டும், 'அப்பா, தொழிலை மாத்தச் சொல்லலை, எம் பேரை மட்டும் எடுத்துருங்க'ன்னா. எடுக்கலாம்னுதான் நானும் நினைச்சேன். ஆனா பேருனு ஒண்ணு ஊருக்குள்ள பதிஞ்சிருச்சுன்னா சட்டுனு எடுக்க முடியாது சார். தொழில் பண்ணுற ஆளு, உங்களுக்குத் தெரியும்.

மாடத்தி போனப்ப அவளையும் நம்ம பெட்டியிலதான் வச்சேன். வேற எங்க போக? இருக்குறதுல நல்ல பெட்டி, புதுசு. மக திருப்பூர்லருந்து வந்து எறங்குனா. அம்மா முகத்தைப் பாத்தா. பாத்துட்டு அப்படியே கீழ உக்காந்து அந்த ஸ்டிக்கரை நகத்தால பிறாண்ட ஆரம்பிச்சுட்டா. அவ பேரைத்தான். நல்ல கம்பெனி ஸ்டிக்கர், லேசுல வராது. நகம் பேந்து ரத்தம் வருது, விட மாட்டேங்கா. நான் போயி கையைப் பிடிச்சு, 'எல்லாரும் பாக்காங்கம்மா, அது போன வாரம்தான் ஒட்டுனது'ன்னேன். அவ என்னைய ஏறிட்டுப் பாத்தா. அம்மா போன துக்கம், என்ன செய்யுதோம்னு அவளுக்கே தெரியலை பாவம். அதுக்குப் பிறகு போன்ல பேசுவா, ரெண்டு வார்த்தை, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். நான் பெட்டியைப் பத்தி ஏதாவது சொல்ல வந்தா, 'சரிப்பா, வேலை இருக்கு'ம்பா. அதுவும் போதும்னுதான் இருந்தேன். போன வருசம் பங்குனியில அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்.

வேணும்னு செய்யலை சார். சத்தியமா வேணும்னு செய்யலை. பேஸ்புக்குதான் எடுபடலையே, வாட்ஸப்புல ஒரு விளம்பரம் அனுப்புவோம்னு நானே உக்காந்து எழுதுனேன். மனப்பாடமா இருக்கு, சொல்லுதேன் கேளுங்க. 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, இனி உங்களுக்குக் கவலை வேண்டாம். இரவு பகல் எந்நேரமும் ஒரு போன் போதும். உடனே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். என்றும் உங்கள் பூங்கோதை.' நல்லாத்தான இருக்கு? பெட்டினு ஒரு வார்த்தை கிடையாது, படத்தைக் கீழ சின்னதா வச்சேன். அதை ஒவ்வொருத்தரா அனுப்பாம, ஒண்ணு விடாம எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரே அமுக்கா அமுக்கிட்டேன். அதுல சம்பந்தி வீட்டுக் குரூப்பும் ஒண்ணு. 'நம்ம சொந்தங்கள்'னு பேரு, அறுபது பேரு இருக்காங்க. கல்யாணத்தப்ப என்னையும் சேத்துவிட்டிருந்தாங்க.

அன்னைக்கு சம்பந்தியம்மா கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க. நெஞ்சு வலி, ஐசியூவுல வச்சிருக்கு. குரூப்புல எல்லாரும் அம்மனை வேண்டிக்கிட்டு, கும்புடுற கைப் படமா போட்டுக்கிட்டிருக்காங்க. அதுக்கு நடுவுல போயி விழுந்திருக்கு. 'உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். என்றும் உங்கள் பூங்கோதை.' அந்த வீட்டு மருமக பேரு. வயசான ஒருத்தர் படிச்சுப் பாக்காமலே 'மிக்க நன்றி, வாழ்க வளமுடன்'னு வேற பதில் போட்டுட்டாரு. அதை நான் பாத்துட்டு, பரவாயில்லையே, ஒருத்தராவது நன்றி சொல்லுதாரேனு சந்தோசப்பட்டுக்கிட்டிருக்கேன். பத்து நிமிசத்துல மாப்பிள்ளை போன் போட்டாரு. 'மாமா, அதை அழிங்க'ன்னாரு. வேற ஒரு வார்த்தை பேசலை. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அழிக்கப் போயி, என் போன்ல மட்டும் அழிச்சிருக்கேன். அங்க அப்படியே இருந்திருக்கு, ரெண்டு நாளா.

அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை சார். இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. போன மாசம் பழனிக்கு ஏறிட்டு வந்திருக்காங்கனு கேள்வி. ஒண்ணும் ஆகலைங்கும்போது இதுல என்ன இருக்கு? ஆனா மக பேசுறதில்ல. நான் போட்டா பிசினு வருது. எப்பப் போட்டாலும் பிசி. காலையில போட்டாலும் பிசி, மத்தியானம் போட்டாலும் பிசி. பேஸ்புக்குல அவ பேரைப் போட்டுத் தேடுனா அப்படி ஒரு ஆளே இல்லைங்குது. முன்ன இருந்தா. கணக்கை மூடிட்டா போலிருக்கு. குரூப்புலருந்தும் என்னைய எடுத்துட்டாங்க. மகளுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை, எம் பேத்தி, இப்ப பேச ஆரம்பிச்சிருப்பா. என்ன குரல்னு தெரியலை.

இப்ப வெப்சைட்டுக்கு வாரேன். ஆவணியில ஒரு பிள்ளை போன் பண்ணுச்சு, பெனிட்டானு பேரு. சின்ன கடைகளுக்கெல்லாம் வெப்சைட் செஞ்சு குடுக்குற பிள்ளை. நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்ல, யாரு வந்து பாக்கப் போறானு, அதுக்கு அது சொன்ன பதில்தான் சார் எனக்குப் பிடிச்சுப்போச்சு. 'அங்கிள், பேஸ்புக்குல நாம போயி அடுத்தவங்க மூஞ்சியில நிக்கணும். உங்க தொழிலுக்கு அது ஆகாது. வெப்சைட்டு அது பாட்டுக்கு ஒரு எடத்துல இருக்கும். வேணுங்கிறவங்க அவங்களாத் தேடி வருவாங்க'னுச்சு. சரி, செய்யும்மான்னேன்.

நல்லாச் செஞ்சுது. பெட்டி அளவு, கரண்டு போனா எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தெந்த ஊருக்கு வரும், எல்லாம் இருக்கு. நிசமாவே ஆளு வந்தாங்க. எட்டயபுரத்துலருந்து, கழுகுமலையிலருந்து, முகம் தெரியாத ஆளுங்க தேடிப் பாத்துட்டுப் போன் பண்ணுனாங்க. வீட்டுல துட்டி விழுந்தா மனுசன் லைக் போட்டுக்கிட்டு இருக்க மாட்டான்ல, தேடத்தான் செய்வான். அதுக்கு வெப்சைட்டுதான் சரி. அதோட விட்டுருந்தா நான் உங்ககிட்ட இவ்வளவு பேச மாட்டேன்.

ஒவ்வொரு திங்கக்கிழமையும் பெனிட்டா ஒரு பட்டியல் அனுப்பும். அந்த வாரம் எந்த ஊர்லருந்து எத்தனை பேரு பாத்தாங்க, எவ்வளவு நேரம் பாத்தாங்கனு. முதல் பட்டியலைத் தொறந்தேன். கோவில்பட்டி ஒம்பது. எட்டயபுரம் ரெண்டு. விளாத்திகுளம் ஒண்ணு. அதுக்குக் கீழ, திருப்பூர் ஒண்ணு.

கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தேன். திருப்பூர்ல எனக்கு யாரு இருக்கா? திருப்பூர்க்காரன் எவனும் கோவில்பட்டியிலருந்து பெட்டி வரவழைக்க மாட்டான். அடுத்த வாரம் பாத்தேன், திருப்பூர் ஒண்ணு. அதுக்கு அடுத்த வாரமும் ஒண்ணு. ஒரு வாரம் தப்பலை சார்.

பேஸ்புக்குல யாரு வந்தா, யாரு வரலைனு பேரோட காட்டிரும். அதுல பேரு இல்லைன்னா அந்த ஆளு வரலைதான், மறு பேச்சே இல்லை. வெப்சைட்டுல பேரு கிடையாது, ஊரு மட்டும்தான். அதான் அதுல உள்ள விசேசம். நான் உங்களைப் போட்டுருங்கனு சொல்லுதேன்ல, இதுக்காகத்தான் சொல்லுதேன்.

அவ பாக்கானு தெரிஞ்ச பிறகு சும்மா பெட்டி அளவையே போட்டு வச்சிருந்தா நல்லாவா இருக்கும்? 'புதிய அறிவிப்புகள்'னு ஒரு எடம் இருக்கு. அதுல போடச் சொல்லி பெனிட்டாவுக்கு அனுப்புனேன். 'உரிமையாளருக்குக் கண் ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது.' அந்தப் பிள்ளை போன் போட்டு, 'அங்கிள், இதையும் போடணுமா'னு கேட்டுச்சு. போடும்மான்னேன். அந்த வாரம் திருப்பூர்ல ஆறு நிமிசம் பாத்திருக்கு. மத்த வாரமெல்லாம் ஒரு நிமிசம்தான். பிறகு, 'உரிமையாளர் சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார்'னு போட்டேன். நாலு நிமிசம். வீட்டுக்கு வெள்ளை அடிச்சதைப் போட்டேன், அஞ்சு நிமிசம். பாருங்க, நான் என்னைக்கு ஏதாவது எழுதி அனுப்புதேனோ, அன்னைக்குத்தான் ரொம்ப நேரம் பாக்குது. எழுதாத வாரம் சும்மா தொறந்துட்டுப் போயிருது. 'எங்கப்பா புதுசா என்ன எழுதியிருக்காரு'னு தேடியிருக்கா. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பெருசா எழுதுனேன். எழுதலை, பேசி அனுப்புனேன், பெனிட்டா கேட்டு டைப் பண்ணிப் போட்டுச்சு. ஸ்டிக்கரை எடுத்துட்டேன்னு சொன்னேன். மூணு பெட்டியிலயும் எடுத்துட்டேன், கத்தியால சுரண்டி, பெயிண்ட் தின்னர் போட்டுத் தொடச்சு, நானேதான் எடுத்தேன், முழு நாள் ஆச்சுனு சொன்னேன். அன்னைக்கு உன் கையைப் பிடிச்சிருக்கக் கூடாது, கூட உக்காந்து நானும் பிறாண்டியிருக்கணும்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துட்டுது, அதோடயே அனுப்பிட்டேன். பேரில்லாத பெட்டியைப் போட்டோவும் எடுத்துப் போட்டாச்சு. அந்த வாரம் நாப்பத்தோரு நிமிசம் சார். நாப்பத்தோரு நிமிசம் எம் மக எம் பக்கத்துல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு.

வெப்சைட்டுக்குப் பேரா? பூங்கோதை ஃப்ரீசர் பாக்ஸ்தான். பெட்டியில எடுத்தாச்சு, அதுல மட்டும் இருக்கு. அதையும் எடுத்துட்டா அவ எப்படித் தேடி வருவா?

நேர்ல போகலாம்தான். இந்த பஸ்ஸே திருப்பூருக்குத்தான் போகுது, டிக்கெட்டை மாத்தி எடுத்தா சாயங்காலம் அவ வீட்டு வாசல்ல நிக்கலாம். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் இந்த பஸ்ஸுலதான் மதுரைக்கு வாரேன். ஆனா என் தொழில் அப்படி. யார் வீட்டு வாசல்லயும் அவங்க கூப்பிடாம நான் போயி நிக்கக் கூடாது சார்.

என்ன கேட்டீங்க? பெனிட்டா எந்த ஊரா? அதுவும் திருப்பூர்தான். ஏதோ பாளையம்னு சொல்லுச்சு, வீட்டுலயே வச்சு வேலை செய்யுது. ஏன் கேக்கீங்க?

ஏன் சார் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

இல்ல, வேண்டாம். சொல்லாதீங்க. அந்தப் பிள்ளை எதுக்குப் பாக்கப் போகுது? அது செஞ்சதுதான, செஞ்சதையே திரும்பத் திரும்ப யாராவது பாப்பாங்களா? நான் என் பெட்டியைத் தொறந்து தொறந்தா பாத்துக்கிட்டிருக்கேன்? அதுவும் நாப்பத்தோரு நிமிசம். அந்தப் பிள்ளைக்கு நான் யாரு, என் பேச்சைக் கேட்டுக்கிட்டு நாப்பத்தோரு நிமிசம் உக்காந்திருக்க?

மதுரை வந்துட்டுது. பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. உங்களுக்கு நல்ல மனசு, நகந்து உக்காந்தாலும் கடைசி வரைக்கும் கேட்டீங்க. ஒரே ஒரு உதவி சார். எங்க வெப்சைட்டைப் பாக்கணும்னு தோணுச்சுனா இப்பவே பாத்துருங்க. மதுரைனு காட்டும், அது நீங்கதான்னு எனக்குத் தெரியும். திருப்பூர் போயித் தொறந்துராதீங்க. தொறந்தீங்கன்னா திருப்பூர் ரெண்டுனு வரும். மாப்பிள்ளையும் சேந்து பாக்காரு, கூப்பிடுதாங்கனு நினைச்சு நான் கெளம்பி வந்துருவேன்.